நம்ம ஊரில் பேர் வாங்கினவர்கள் யார் யார்?



போன மாதம் ஜீயபுரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உறுதிமொழி சொல்லி, சந்தா வாங்கி, உள்கடன் தவணை வரவு வைத்து முடிக்கும் நேரம். ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பொண்ணு நோட்டோடு ஓடி வந்தாள்.

"அம்மா, டீச்சர் நம்ம திருச்சியில பேர் வாங்கினவங்க பத்து பேரை எழுதிட்டு வரச் சொன்னாங்க. சொல்லுங்கம்மா."

கூட்டம் அப்படியே பாடம் சொல்லிக் கொடுக்கிற இடமாக மாறிவிட்டது. ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். பத்தும் சேர்ந்ததும் பொண்ணு எண்ணிப் பார்த்துவிட்டு, "பத்துல ஒன்பது பேர் ஆம்பளைங்க. ஏன் அத்தை, உங்க குழுவில இருக்கிறவங்க பேரெல்லாம் இதுல வராதா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தோம். "நாங்க என்னடி பெருசா செஞ்சுட்டோம்?" என்றார் ஊக்குநர். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பட்டியலில் யார் யார்?

முதலில், அன்றைக்கு எழுதிய பேர்களில் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம். நம் பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா?

சர் சி.வி. ராமன் திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்தவர். ஒளி ஒரு பொருளின் வழியாகப் போகும்போது, சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுகிறது என்று கண்டுபிடித்தார். அந்த நாள் 1928 பிப்ரவரி 28. அதைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

கவிஞர் வாலி நமக்கு ரொம்பப் பக்கத்து ஊர்க்காரர். 1931-ல் திருப்பராய்த்துறையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். எழுத்தாளர் சுஜாதாவும் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர்தான். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் தன் பேரோடு ஊரின் பேரையும் உலகமெல்லாம் கொண்டுபோனார். அப்துல் கலாம் ஐயா ராமேஸ்வரத்துக்காரர் என்றாலும், கல்லூரிப் படிப்பு படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில்.

பட்டியலில் இருந்த ஒரே பெண் ஓட்டப்பந்தய வீராங்கனை சுபா வெங்கடேசன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் நம் நாட்டுக்காக ஓடினார். 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில், பெண்கள் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய நால்வரில் இவரும் ஒருவர்.

எல்லாரும் பெருமைப்பட வேண்டியவர்கள்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஊர் இவர்களால் மட்டுமா நடக்கிறது?

தொழில் ஊர் என்றால் உழைப்பவர்கள் ஊர்

திருச்சி வெறும் கோயில் ஊர் இல்லை, தொழில் ஊரும்கூட. பொன்மலையில் ரயில்வே பணிமனை 1928-ல் வந்தது. அதற்கு முன்பு அது நாகப்பட்டினத்தில் இருந்தது. 1965-ல் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. நாட்டில் பல அனல் மின் நிலையங்களில் ஓடுவது இங்கே செய்த கொதிகலன்தான். 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. இவற்றை நம்பித் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன.

பொன்மலையில் 1946 செப்டம்பர் 5-ந் தேதி, போராடிய தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் உயிர் விட்டார்கள். இன்றைக்கும் வருடா வருடம் அந்த நாளில் தொழிலாளிகள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அரசாங்கம் விருது கொடுத்ததால் இல்லை. கூட வேலை செய்தவர்கள் மறக்காமல் வைத்திருப்பதால்தான் அந்த நினைவு நிற்கிறது.

இதைக் கவனியுங்கள் சகோதரிகளே. ஒருவர் பேர் நிலைக்க இரண்டு வழி இருக்கிறது. பெரியவர்கள் பார்த்துப் பரிசு கொடுப்பது ஒரு வழி. கூட இருந்தவர்கள் எழுதி வைத்து, சொல்லிச் சொல்லிக் காப்பாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு உலகத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு மில் ஊர்

இங்கிலாந்து நாட்டின் வடக்கே மான்செஸ்டர் என்ற நகரம். நம்ம கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்வார்களே, அந்த மான்செஸ்டர். அதற்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஒரு மில் ஊர். அந்த ஊரிலும் பேர் வாங்கினவர்கள் பட்டியல் உண்டு. ஜான் பிரைட் என்ற பெரிய அரசியல் தலைவர், கிரேசி ஃபீல்ட்ஸ் என்ற புகழ் பெற்ற பாடகி என்று வரும். ஆனால் உலகம் முழுக்க அந்த ஊரின் பேரைச் சொல்ல வைத்தவர்கள் 28 சாதாரண ஆட்கள். பலர் நெசவாளிகள்.

அந்தக் காலத்தில் கூலி குறைவு. கடைக்காரர் சொன்னதுதான் விலை. மாவில் சுண்ணாம்புப் பொடி கலப்பார்கள், எடையில் அடிப்பார்கள். கடன் வாங்கித் தின்றவர்கள் வாயைத் திறக்க முடியாது. கூலி உயர்வு கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் "நமக்கு நாமே ஒரு கடை வைப்போம்" என்று முடிவு செய்தார்கள்.

முதலுக்கு எங்கே போவது? ஆளுக்கு வாரம் 2 பென்ஸ் சேர்த்தார்கள், பிறகு அதை 3 பென்ஸ் ஆக்கினார்கள். அன்றைக்கு 240 பென்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அப்படி ஆளுக்கு ஒரு பவுண்டு, மொத்தம் 28 பவுண்டு. இதைப் படிக்கும்போது நம்ம வாரச் சந்தா ஞாபகம் வருகிறதா?

1844 டிசம்பர் 21-ந் தேதி கடையைத் திறந்தார்கள். கடையில் இருந்தது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். முதலில் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் மட்டும்தான் கடை.

ஆனால் அவர்கள் போட்ட சட்டதிட்டம் உறுதியாக இருந்தது. கலப்படம் கிடையாது, எடை சரியாக இருக்கும். ரொக்கத்துக்குத்தான் வியாபாரம். எவ்வளவு பங்கு போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபத்தை, அவரவர் வாங்கின சாமானுக்குத் தகுந்தபடி திருப்பிக் கொடுப்பது. எந்த மதம், எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. பெண்களும் உறுப்பினர் ஆகலாம்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் கல்யாணமான பெண் சம்பாதித்த கூலி சட்டப்படி புருஷனுக்குத்தான் சொந்தம். அந்தச் சட்டம் மாறத் தொடங்கியதே 1870-ல்தான். ஆனால் 1846-லேயே எலிசா பிரையர்லி என்ற பெண் இந்தச் சங்கத்தில் தன் பேரில் உறுப்பினர் ஆனார். சட்டம் கொடுக்காத உரிமையைச் சங்கத்தின் பதிவேடு கொடுத்தது!

நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் 1904-ல் வந்தது. அதே ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில், ராச்டேல் கடையைப் பார்த்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். நம்ம ஊர்க் கூட்டுறவுக் கடை, பால் சங்கம் எல்லாவற்றுக்கும் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

28 பேரும் பணக்காரர் இல்லை, பெரிய படிப்பும் இல்லை. ஆனாலும் 180 வருடத்துக்குப் பிறகு ஜீயபுரத்தில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். எப்படி? அவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள். யார் தலைவர், யார் காசாளர், கடை திறந்த அன்று கல்லாவுக்குப் பின்னால் நின்றது யார் என்பது வரை தெரிகிறது. பதினான்கு வருடத்துக்குள் அவர்கள் கதை புத்தகமாகவும் வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தின் பேரிலேயே 'சுய உதவி' என்ற வார்த்தை இருக்கிறது!

இப்போது திருச்சிக்குத் திரும்புவோம்.

கழிப்பறையைக் காத்த பெண்கள்

2021-ல் திருச்சியைச் சேர்ந்த மாராச்சி சுப்புராமன் அவர்களுக்கும், 2022-ல் எஸ். தாமோதரன் அவர்களுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதலாமவர் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். இரண்டாமவர் 'கிராமாலயா' நிறுவனத்தைத் தொடங்கியவர். இரண்டு பேரும் பல ஆண்டுகளாகச் செய்த வேலை, வெட்டவெளியில் போகும் பழக்கத்தை மாற்றி, கழிப்பறை கொண்டுவந்தது. கூச்சப்பட்டு யாரும் பேசாத விஷயத்தை ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். விருது தகுதியானவர்களுக்குத்தான் கிடைத்தது.

ஆனால் இந்த வேலை வெற்றி பெற்றதில் மகளிர் குழுக்களின் பங்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா?

திருச்சி நகரத்தின் குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பறைகள் முன்பே இருந்தன. கட்டிடம் இருக்கும், உள்ளே கால் வைக்க முடியாது. தண்ணீர் வராது, பல்பு எரியாது, கதவு இருக்காது. பெண்கள் விடியும் முன்னே போக வேண்டும், இல்லாவிட்டால் இருட்டும் வரை அடக்க வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பும் வயிற்று வலியும் வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இந்தக் கஷ்டம் நம் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கழிப்பறைகளை மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். கட்டிடம் மாநகராட்சியுடையது, பயிற்சி தொண்டு நிறுவனங்களுடையது, நடத்துவது பெண்கள். முறை ரொம்ப எளிது. அன்றைக்கு ஒரு தடவைக்கு 50 காசு. சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இலவசம். வாசலில் குழு உறுப்பினர் முறை வைத்து உட்கார்ந்து, டோக்கன் கொடுத்து, காசு வாங்கி, நோட்டில் எழுத வேண்டும். அந்தக் காசில்தான் துப்புரவு செய்பவருக்குச் சம்பளம், பினாயில், பல்பு, ரிப்பேர் எல்லாம். மீதி பேங்கில். அந்த மீதியை வைத்துத் தெருவுக்குத் தேவையான வேலைகளும் செய்தார்கள்.

"கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து காசு வாங்குறதா?" என்று கேலி பேசுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்ததால்தான் கழிப்பறை கழிப்பறையாக இருந்தது. 2002-ல் கல்மந்தை குடிசைப் பகுதி வெட்டவெளிப் பழக்கம் இல்லாத இடமாக அறிவிக்கப்பட்டது. 2003-ல் தொட்டியம் ஒன்றியத்தில் தாண்டவம்பட்டி கிராமமும் அப்படி ஆனது. 2015-ல் நாடு முழுக்க 476 நகரங்களின் தூய்மையைப் பார்த்துத் தரவரிசை போட்டபோது, மைசூர் முதலிடம், திருச்சி இரண்டாமிடம். 50 காசு வாங்கி நோட்டில் எழுதிய கைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

முசிறியில் நடந்த புதுமை

ஆற்றங்கரை ஊர்க்காரர்களான நமக்கு முசிறிக் கதையும் தெரிய வேண்டும். ஆற்றுப் பக்கம் தோண்டினால் சீக்கிரம் தண்ணீர் வந்துவிடும். அங்கே சாதாரணக் குழிக் கழிப்பறை வைத்தால், கழிவு நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதே நீர்தான் அடிபம்பில் வருகிறது.

அதனால் ஸ்கோப் நிறுவனம் முசிறியில் வேறு மாதிரிக் கழிப்பறை கட்டியது. சிறுநீர் ஒரு பக்கம், மலம் ஒரு பக்கம், கழுவும் தண்ணீர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போகும். மலம் தரைக்கு மேலே கட்டிய தொட்டியில் விழும். ஒவ்வொரு தடவையும் சாம்பல் தூவ வேண்டும். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த தொட்டியைப் பயன்படுத்த வேண்டும். மூடிய தொட்டியில் இருப்பது பல மாதம் காய்ந்து, நாற்றமில்லாத எருவாகிவிடும்.

2008-ல் அங்கே இன்னொரு புதுமை நடந்தது. கழிப்பறைக்கு வருபவர்களிடம் காசு வாங்காமல், வருபவர்களுக்கே தடவைக்கு 10 காசு கொடுத்தார்கள்! சிறுநீரும் எருவும் பயிருக்குப் பயன்படும் பொருள்தானே, பொருள் கொடுத்தவருக்குக் கூலி உண்டு என்ற கணக்கு. காசு சின்னதுதான். ஆனால் 'அசிங்கம்' என்று நினைத்ததை மக்கள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள்.

பேர் எழுதாவிட்டால் என்ன நஷ்டம்?

"பேர் என்னத்துக்கு? வேலை நடந்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழு தொடங்கியபோது இருந்த ஒரு அக்கா, வயதாகி இறந்துபோனார். சில மாதம் கழித்து மகள் வந்து, "எங்கம்மா சேமிப்பு எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எங்களிடம் முதல் ஐந்து வருடத்து நோட்டே இல்லை. ஊக்குநர் மாறும்போது பரணில் போட்டது, கரையான் தின்றுவிட்டது. முதலில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேரா, பதினான்கு பேரா என்பதிலேயே எங்களுக்குள் சண்டை வந்தது.

தனிநபர் பாஸ்புத்தகத்தைத் தேடினோம். அதில் அந்த அக்காவின் சொந்தப் பேரே இல்லை. 'இன்னார் மனைவி' என்று மட்டும் எழுதியிருந்தது. அதே பேரில் தெருவில் இரண்டு ஆம்பளைங்க. நல்ல வேளையாக, இன்னொரு உறுப்பினர் தன் சொந்த நோட்டில் வாரா வாரம் எல்லார் சந்தாவையும் குறித்து வைத்திருந்தார். அதை வைத்துக் கணக்குப் போட்டு, மகளிடம் பணத்தைக் கொடுக்க மூன்று மாதம் ஆனது.

அன்றைக்குத்தான் புரிந்தது. பேர் எழுதுவது பெருமைக்காக மட்டும் இல்லை. பேர் இருந்தால்தான் கணக்கு நிற்கும். கணக்கு நின்றால்தான் உரிமை நிற்கும். எலிசா பிரையர்லிக்குக் கிடைத்தது அதுதான். எங்கள் அக்காவுக்குக் கிடைக்காமல் போக இருந்ததும் அதுதான்.

தமிழ்நாட்டில் நம் இயக்கம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அன்றைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்று நல்ல வயது ஆகியிருக்கும். நம் ஊர்களில் முதன்முதலாகக் குழு தொடங்கியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். இப்போது கேட்டு எழுதாவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

நாம் என்ன செய்யலாம்?

1. தீர்மானப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் குழு தொடங்கிய தேதி, இடம், முதலில் சேர்ந்த எல்லார் பேரும் எழுதுங்கள். இறந்தவர்கள், விலகிப் போனவர்கள் பேரும் வேண்டும்.

2. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பேரை முதலில் எழுதுங்கள். தகப்பனார் பேர், கணவர் பேர் அதற்குப் பிறகு வரட்டும்.

3. முதல் சந்தா எவ்வளவு, முதல் உள்கடன் யாருக்கு, எதற்கு என்று குறித்து வையுங்கள். மகள் பீஸ் கட்ட வாங்கினதா, ஆடு வாங்கினதா, மருத்துவச் செலவா என்று இருக்கட்டும்.

4. குழு செய்த பொது வேலையை எழுதுங்கள். தெருக்குழாய்க்கு மனு கொடுத்தது, சாராயக்கடையை எதிர்த்தது, வெள்ளத்தில் கஞ்சி ஊற்றியது என்று எதுவானாலும் சரி. எந்த வருடம், யார் யார் போனார்கள் என்று இருக்க வேண்டும்.

5. பழைய நோட்டுகளைப் பரணில் போடாமல் தகரப் பெட்டியில் வையுங்கள். முக்கியமான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைக் கூட்டமைப்பில் கொடுங்கள். செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. எழுதத் தெரியாத மூத்த உறுப்பினரிடம் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பொண்ணு என்ன எழுதினாள்?

அடுத்த வாரம் அவளைப் பார்த்தேன். பத்துப் பேரை எழுதி முடித்துவிட்டு, கீழே பதினொன்றாவது என்று போட்டு, குழுவின் பேரை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே உறுப்பினர்கள் பேர். இரண்டு பேருக்கு மட்டும் 'மணி அம்மா', 'கடைக்கார அத்தை' என்று இருந்தது.

"ஏன்மா இவங்களுக்குப் பேர் போடலை?" என்று கேட்டேன்.

"அவங்க நெசப் பேர் எனக்குத் தெரியலையே அத்தை. கூட்டத்துல வந்து கேட்டுக்கிறேன்" என்றாள்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்:

* நம் குழுவை முதலில் தொடங்கியவர்கள் எல்லார் பேரும் நமக்குத் தெரியுமா?
* நம் பாஸ்புத்தகத்தில் இருப்பது நம் சொந்தப் பேரா, இன்னொருவர் பேரைச் சார்ந்த பேரா?
* நம் ஊரின் பட்டியலில் சேர வேண்டிய வேலை என்று நம் குழு எதைச் சொல்லும்?

பேசி முடித்ததும் மறக்காமல் தீர்மானம் எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

சிறுதுளி பெருவெள்ளம்!